உப்புக்குப் பின் என்ன முளைக்கும்?

திருப்பூரில் நொய்யல் ஆற்றைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் கடைசியில் இரண்டு யோசனைகளில் ஒன்று வந்து நிற்கும். சாயக் கழிவை நிறுத்தினால் போதும், ஆறு தானாகத் தேறிக்கொள்ளும் என்பது ஒன்று. கரை நெடுக மரம் நட்டால் போதும், சில வருடங்களில் பசுமை திரும்பிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல மனத்தோடு சொல்லப்படுபவை. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால், பாழ்பட்ட நிலம் எந்த வரிசையில் உயிர்பெறுகிறது, எப்போது அந்த வரிசை அறுந்துபோகிறது, அதில் மனிதனுக்கு என்ன வேலை என்ற கேள்விகளை இரண்டுமே தாண்டிச் சென்றுவிடுகின்றன. சூழலியலில் இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு துறை நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்திருக்கிறது. நம் பாடநூல்கள் அதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்கின்றன. அந்த அறிவை நொய்யல் படுகையில் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இதுதான்: கெடுத்த கை விலகிக்கொள்வது முதல் கடமை, அதோடு கடமை முடிவதில்லை. நிலம் எந்தப் படியில் நிற்கிறது என்று அறிந்து, அடுத்த படிக்கு வழிவிட்டு, நெடுங்காலம் அதனோடு உடன் இருப்பதுதான் இயற்கையோடு நமக்குள்ள உறவு. இந்த உறவுக்கான முன்மாதிரியை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. காங்கேயத்து மேய்ச்சல் நிலத்திலும் நஞ்சராயன் குளத்திலும் அது கண்முன் இருக்கிறது.

முதலில் வரிசையைப் பார்ப்போம். பல்லடம், அவிநாசிப் பக்கம் மானாவாரி நிலம் ஒன்று உழவின்றி விடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மழைக்கே நெருஞ்சி, தும்பை, குப்பைமேனி போன்றவை எழும். ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து, விதை சிந்திக் காய்ந்துவிடும் சிறு செடிகள் இவை. சுடுவெயிலும் வெற்று மண்ணும் இவற்றுக்குத் தொல்லையில்லை. கூடவே கொழுஞ்சி வரும். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். உழவர்கள் அதைப் பசுந்தாள் உரமாகப் பயன்படுத்தி வந்ததற்குக் காரணம் இதுதான். காய்ந்த சருகும் சேர்ந்த சத்தும் பல்லாண்டுப் புற்களுக்கு இடம் தருகின்றன. புல்லின் சல்லிவேர் மண்ணை இறுக்கிப் பிடித்து, மழைநீரை ஓடவிடாமல் உள்ளே இறக்குகிறது. பிறகு ஆவாரையும் எருக்கும் இலந்தையும் வரும். இலந்தையின் முள்ளுக்குள் ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் வேறு கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். ஒரு வெள்வேல மரம் தலையெடுத்துவிட்டால் மைனாவும் கொண்டைக்குருவியும் அதில் வந்து உட்காரும். அவை வேறெங்கோ தின்ற வேப்பம்பழத்தின் கொட்டைகள் கீழே விழும். வேலமரத்தடியில் வேப்பங்கன்று முளைத்து நிற்பது இந்தப் பக்கத்தில் சாதாரணக் காட்சி. அதன் பின்னே பறவை, நிழல், ஈரம், சருகு என்று பல வருட ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வந்தவை மண்ணையும் நிழலையும் மாற்றுகின்றன. அந்த மாற்றம் அடுத்தவற்றுக்குக் கதவைத் திறக்கிறது.

இந்த வரிசையை அறிவியல் கண்ணோடு முதலில் முறையாக விவரித்தவர்களில் ஒருவர் ஹென்றி கௌல்ஸ். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில், நீரோரத்திலிருந்து உள்ளே நடக்க நடக்க மணல் வயதாவதையும் அதற்கேற்பத் தாவரங்கள் மாறுவதையும் அவர் 1899இல் எழுதினார். 1916இல் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் அதை ஒரு பெருங்கோட்பாடாக்கினார். ஒரு பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஓர் உச்சநிலைத் தாவரச் சமுதாயம் உண்டு. குலைத்து விட்டாலும் நிலம் படிப்படியாக அங்கேயே போய்ச் சேரும் என்றார். தானாகத் தேறிவிடும் என்று நாம் இன்று நம்புவதன் அறிவியல் வடிவம் இதுதான். ஆனால் 1926இலேயே ஹென்றி கிளீசன் இதை மறுத்தார். ஒவ்வொரு தாவர இனமும் தன் தேவைப்படி தனித்தனியே இடம்பிடிக்கிறது, விதை வந்து சேர்வதில் தற்செயலுக்கும் பங்குண்டு, முன்கூட்டி எழுதிவைத்த முடிவு எதுவும் இல்லை என்பது அவர் வாதம். 1977இல் ஜோசப் கானெலும் ரால்ஃப் ஸ்லாட்டியரும் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினர். முன்வந்தவை பின்வருபவற்றுக்கு உதவலாம். உதவாமலும் தடுக்காமலும் இருக்கலாம். அல்லது இடத்தைக் கைப்பற்றிக்கொண்டு மற்றவற்றை வரவிடாமலே தடுக்கலாம். நொய்யல் கரையைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாவது வழி மிக முக்கியம்.

வெறும் பாறையிலோ எரிமலைச் சாம்பலிலோ தொடங்கும் வளர்ச்சி வேறு. ஏற்கனவே மண் இருக்கும் இடத்தில் மீண்டும் தொடங்கும் வளர்ச்சி வேறு. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்து அந்தத் தீவின் உயிர்கள் அழிந்த பிறகு, அங்கே விதைகளும் வித்துத் துகள்களும் காற்றிலும் கடலிலும் பறவை வயிற்றிலும் வந்துசேர வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட வயலுக்கு அந்த நெருக்கடி இல்லை. அதன் மண்ணுக்குள் உறங்கும் விதைகளும் அறுபட்ட வேர்க்கட்டைகளும் பூஞ்சை இழைகளும் மண்புழுவும் இருக்கின்றன. நிலத்தின் நினைவு என்று இவற்றைச் சொல்லலாம். திருப்பூர்க்காரருக்கு இதைப் புரியவைக்க அவர் தொழிலே போதும். பின்னிய துணியை முறையாக வெளுக்காமல் சாயக் குளியலில் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த சாயமானாலும் நிறம் சீராகப் பிடிக்காது. முந்தைய கட்டம் சரியாக இருந்தால்தான் அடுத்த கட்டம். நிலத்துக்கும் அப்படித்தான். எல்லாக் கட்டங்களுக்கும் அடியில் இருப்பது மண். அந்த மண்ணின் இயல்பே மாறிவிட்டால் மேலே சொன்ன வரிசை தொடங்கவே முடியாமல் போகும். நொய்யலின் கீழ்ப்பகுதியில் நடந்தது இதுதான்.

சாயப்பட்டறைக் கழிவு என்றதும் நம் கண்ணுக்கு வருவது அதன் நிறம். ஆனால் மண்ணுக்கு நேர்ந்த பெரிய சேதம் நிறமில்லாத பொருளால் வந்தது. பருத்தி இழை நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று விலக்கும் இந்த இரண்டையும் நெருங்கவைக்கக் குளியலில் சமையல் உப்பையோ சோடியம் சல்ஃபேட்டையோ கொட்ட வேண்டும். சோடியம் அயனிகள் நடுவே வந்து அந்த விலக்கலைத் தணித்த பிறகே சாயம் இழையை எட்டும். பின்பு சோடா சாம்பல் அதை இழையோடு பிணைக்கும். அடர்நிறம் வேண்டுமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்பு தேவைப்படும். இதில் கவனிக்க வேண்டியது, உப்பு துணியில் தங்குவதே இல்லை என்பதுதான். போட்ட உப்பு அனைத்தும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கரிமக் கழிவையும் ஓரளவு குறைத்தன. கரைந்த உப்பை அவை தொடக்கூட இல்லை. நுண்ணுயிர்கள் சாய மூலக்கூறை உடைத்துவிடும். சோடியத்தையோ குளோரைடையோ தின்று வேறொன்றாக்கும் உயிர் எதுவும் கிடையாது. நீர்த்துப்போகலாம், இடம் மாறலாம்; இல்லாமல் போகாது. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் உப்பு பல ஆண்டுகள் ஆற்றில் இறங்கி, சென்னிமலை அருகே 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது.

உப்பு நிலத்துக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். களிமண் மிக நுண்ணிய தகடுகளால் ஆனது. நல்ல மண்ணில் கால்சியம் அயனிகள் இந்தத் தகடுகளைச் சேர்த்துப் பிடித்துச் சிறு கட்டிகளாக வைத்திருக்கின்றன. கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் நீர் இறங்குகிறது, வேர் நுழைகிறது, காற்று உலவுகிறது. சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாயும்போது சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தகடுகளைச் சேர்த்துவைக்கும் வலு சோடியத்துக்கு இல்லை. பிறகு நல்ல மழை பெய்தாலும் கட்டிகள் கரைந்து, துகள்கள் பிரிந்து, சந்துகளை அடைத்துக்கொள்கின்றன. மேலே மழை பெய்யும், கீழே ஈரம் இறங்காது. காய்ந்தால் மேற்பரப்பு ஓடு போல் இறுகும். ஈரம் இருந்தாலும் உப்பின் அடர்த்தியால் விதைக்குள் நீர் புக முடியாது. கொழுஞ்சி முளைக்காது, அதன் வேர்முடிச்சு பாக்டீரியாக்களுக்கும் வேலை நடக்காது. புல் வேரூன்றாது. வரிசையின் முதல் இரண்டு படிகளே பெயர்ந்துவிட்ட பிறகு, உச்சநிலையை நோக்கி நிலம் தானே ஏறிப் போகும் என்ற கிளெமென்ட்ஸின் நம்பிக்கைக்குக் கால் ஊன்ற இடமில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். கழிவு விடுவதை நிறுத்திப் பார்த்தால்தானே நிலம் தேறுமா தேறாதா என்று தெரியும்? நிறுத்திப் பார்த்தோம். நொய்யல் பாசன விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கின் முடிவில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறிய நிலையங்கள் படிப்படியாகத் திறக்க அனுமதி பெற்றன. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, எஞ்சிய செறிவுநீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயக் குளியலுக்கே அனுப்பும் முறை அது. ஒரு பெரிய ஜவுளி நகரம் இந்த அளவில் அதைக் கைக்கொண்டது உலக அளவில் அரிதான செயல். அதன் பெருமை திருப்பூருக்குச் சேர வேண்டும். முறைகேடான வெளியேற்றம் பற்றிய புகார்கள் இன்னும் எழத்தான் செய்கின்றன. ஆனாலும் ஆற்றில் இறங்கும் உப்பின் சுமை வெகுவாகக் குறைந்தது. விலகிக்கொள்வதால் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பதை அது காட்டியது. அதன் எல்லையையும் அதுவே காட்டியது. மேற்கு மலையில் நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் வெள்ளம் ஆற்றின் போக்கைக் கழுவிச் செல்கிறது. கிணறுகளிலும் நிலத்தடிப் பாறை இடுக்குகளிலும் புகுந்த உப்பு அதே வேகத்தில் வெளியேறுவதில்லை. பதினைந்து ஆண்டுகளில் ஓடுகிற நீர் மாறலாம். களிமண் தகட்டில் ஒட்டிய சோடியத்தைப் பெயர்க்க யாராவது கால்சியம் கொண்டுவந்தாக வேண்டும். வேளாண் துறை களர் நிலத்துக்கு ஜிப்சம் இடச் சொல்வது இதற்காகத்தான்: கால்சியம் மீண்டும் தகட்டில் அமர, பெயர்ந்த சோடியத்தை நல்ல நீர் கீழே கழுவிச் செல்லும். இது மனிதக் கையால் நடக்கும் வேலை. நிலம் இதைத் தானே செய்துகொள்ளக் காத்திருந்தால் தலைமுறைகள் கடந்துவிடும்.

காத்திருக்கும் காலத்தில் நிலம் சும்மாவும் இருப்பதில்லை. உப்பேறிய கரைகளிலும் அணையின் வறண்ட படுகையிலும் சீமைக்கருவேலம் புகுந்து அடர்ந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த இந்த மரம் உப்பைத் தாங்கும், ஆழமாக வேர்விடும், அதன் இனிப்பான நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் கொண்டு சேர்க்கும். வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகளாகத் தழைக்கும். அதன் நெருக்கமான நிழலிலும், உதிரும் இலைகளிலிருந்து கசியும் வேதிப்பொருள்களிலும் பிற விதைகள் தலைதூக்குவது கடினம். கானெலும் ஸ்லாட்டியரும் சொன்ன தடுப்பு வழிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது பச்சை; செயற்கைக்கோள் படத்திலும் பச்சை. இயற்கை மீண்டுவிட்டது என்று அறிக்கைகூட எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பச்சையில் புல் இல்லை, அடுத்த தலைமுறை மரக்கன்று இல்லை, மாடு மேய இடமில்லை. வேரோடு பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்போருக்கும் இங்கே ஒரு பதில் தேவை. வெற்றாகக் கிடக்கும் உவர்நிலத்தில் மீண்டும் முதலில் வரக்கூடியதும் சீமைக்கருவேலம்தான். மண்ணுக்குள் அதன் விதை நிறைந்திருக்கிறது. பிடுங்கிய இடத்தில் அதே பருவத்தில் மண்ணைத் திருத்தி, உப்பைத் தாங்கும் நாட்டுப் புல்லையும் புதர்களையும் ஏற்றி, அடுத்த சில ஆண்டுகள் தலைகாட்டும் கருவேலங்கன்றுகளைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் இயந்திரம் வைத்து அள்ளுவது செலவுக் கணக்கில் ஏறும். நிலத்தின் கணக்கில் ஏறாது.

நெடுங்காலம் உடன் இருப்பது என்றால் என்ன என்பதற்கு இதே திருப்பூர் மாவட்டத்தின் கிழக்குப் பாதியில் விடை கிடைக்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டிய வறண்ட பூமி அது. சில ஏக்கர் அளவுள்ள ஒவ்வொரு காட்டைச் சுற்றியும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அதனோடு வேறு புற்களும் பயறுவகைக் கொடிகளும். இடைவெளிவிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள் வெயில் காலத்தில் நிழல் தரும். புல் காய்ந்த மாதங்களில் அவற்றின் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். மழை பெய்ததும் புல் வளர்ந்து விதை கட்டும்வரை காட்டைப் பூட்டிவைத்து, பிறகு மந்தையை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மாற்றி மேய்க்கும் ஒழுங்கு உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேர்பெறச் செய்த காங்கேயம் மாட்டினம் இந்தப் புல்லில் வளர்ந்தது. சூழலியல் கண்ணோடு பார்த்தால் இது இயற்கையாக விளைந்த காடும் இல்லை, வயலும் இல்லை. சாம்பியனும் சேத்தும் 1968இல் வகுத்த இந்திய வனப் பட்டியலின்படி இந்தத் தட்பவெப்பத்தில் நிலம் முள்மரக்காட்டை நோக்கிப் போகும். அந்தப் போக்கைப் புல்லும் சில மரமும் உள்ள ஒரு படியில் மேய்ச்சலால் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதுதான் கொறங்காடு. மாட்டின் வாய் புதரை முந்தவிடாமல் தடுக்கிறது. அதன் சாணம் சத்தைத் திருப்பித் தருகிறது. வேலி அளவுக்கு மீறிய மேய்ச்சலைத் தடுக்கிறது. மனிதன், மாடு, புல், மரம் நான்கும் சேர்ந்தே அந்தப் படியை நிலைநிறுத்துகின்றன.

மேய்ச்சலை நிறுத்தினால் இயற்கை இன்னும் செழிக்குமே என்று கேட்கலாம். அந்தச் சோதனையும் இந்தியாவில் நடந்து முடிந்துவிட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில் 1982இல் தேசியப் பூங்கா அறிவிப்போடு மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எருமைகள் வெளியேறியதும், அதுவரை அவை தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் சதுப்பு முழுவதும் பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இரைதேடும் இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, எருமைகள் அந்தச் சூழலின் பகுதியாக இருந்ததை எடுத்துச்சொன்னது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த விலகல் அடுத்த படியை வேகப்படுத்திவிட்டது. அந்தப் படியில் பறவைக்கு இடமில்லை. கொறங்காட்டுக்கும் இதே ஆபத்து இருபக்கமும் இருக்கிறது. மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாமல் காட்டைச் சும்மா விட்டால் முள்புதரும் சீமைக்கருவேலமும் ஏறும். மனையாகவோ வேறு கட்டுமானத்துக்கோ விற்றால் நூறாண்டு மண் ஒரே வாரத்தில் போய்விடும். பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் வண்டி காலையில் வந்து நிற்கும் ஊரில் மேய்ச்சலுக்கு இளைஞர் கிடைக்காமல் போவதும் இந்த வரிசையைப் பாதிக்கும் ஒரு சூழலியல் காரணிதான்.

நீரிலும் இதே பாடம் உண்டு. எந்தக் குளமும் விட்டுவிட்டால் நிலமாகும் போக்குடையது. மிதவை நுண்ணுயிர்கள், நீர்மூழ்கித் தாவரங்கள், அல்லி போன்ற மிதக்கும் இலைகள், கோரையும் சம்பும் என்று கரையிலிருந்து நடுவை நோக்கித் தாவரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் வண்டலைப் பிடித்து ஆழத்தைக் குறைக்கும். சாக்கடைச் சத்து கலந்தால் ஆகாயத்தாமரையும் சம்பும் இந்தப் பயணத்தைப் பலமடங்கு விரைவாக்கிவிடும். ஆக, நம் முன்னோர் வெட்டிய ஏரி குளங்கள் நூற்றாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் ஊர்கூடி வண்டல் எடுத்ததும் கரை கட்டியதும் மதகு பார்த்ததும்தான். ஒவ்வொரு முறை வண்டல் வாரும்போதும் குளம் சில படிகள் பின்னே போய் மீண்டும் இளமையானது. வாரிய வண்டல் வயலுக்கு உரமானது. திருப்பூரின் புறத்தே நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் அப்படிப் பேணப்பட்டது. அதைச் சீர்ப்படுத்திய மன்னர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள அது 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அப்போது வெளியான விவரத்தில் 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் பதிவாகியிருக்கின்றன. ஆழமற்ற சேறு, திறந்த நீர், கோரைக்கரை மூன்றும் பக்கம்பக்கமாக இருப்பதால்தான் உள்ளானும் வாத்தும் கானாங்கோழியும் ஒரே இடத்தில் வாழ முடிகிறது. அந்தக் கலவை ஒரு தொழில்நகரத்தின் ஓரத்தில் நிற்பது யாரும் தொடாததால் கிடைத்த பரிசில்லை. பட்டியலில் பெயர் சேர்ந்ததாலேயே அது நிலைத்தும்விடாது. நல்லாற்றில் சாக்கடை இறங்கினால் ஆகாயத்தாமரை அரசாணை படித்துவிட்டு ஒதுங்கப் போவதில்லை.

இதையெல்லாம் கேட்டபின் ஒருவர் கடுமையாகவே கேட்கலாம்: மனிதன் இயற்கையில் தலையிடலாம், தலையிட்டே ஆக வேண்டும் என்று சொன்னால், சாயக்கழிவை ஆற்றில் விட்டவருக்கும் அதே வாதம் உதவுமே? இந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்லாமல் இந்தக் கட்டுரையின் வாதம் நிற்காது. தலையீடுகளைப் பிரித்தறிய வழிமுறை வளர்ச்சியே ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு செயலுக்குப் பிறகு, கையை எடுத்தால் நிலம் தன் அடுத்த படியை எடுக்க முடிகிறதா? கொறங்காட்டில் மேய்ச்சலை நிறுத்தினால் முள்காடு வரும். குளத்தில் வண்டல் எடுப்பதை நிறுத்தினால் சதுப்பு வரும். நமக்கு அந்த முடிவு பிடிக்காமல் போகலாம், ஆனால் உயிர்களின் வரிசை அறுபடவில்லை. மேய்ச்சலும் வண்டல் வாருதலும் நிலத்திலிருந்து எடுத்ததை அந்தச் சுற்றுக்குள்ளேயே திருப்பித் தருகின்றன, உயிர்கள் பழகிய பொருள்களைக் கொண்டே நடக்கின்றன, நிலம் ஓய்வெடுக்க இடைவெளி விடுகின்றன. உப்பு அப்படி இல்லை. அந்த நிலத்தில் அந்த அளவில் என்றும் இல்லாத பொருள் அது; எந்த உயிராலும் மாற்ற முடியாதது; இடைவெளியின்றி இறங்கியது; கையை எடுத்த பிறகும் முதல் படியை முளைக்கவிடாதது. முதல்வகைத் தலையீடு நிலத்தின் நினைவோடு சேர்ந்து வேலை செய்கிறது. இரண்டாம் வகை அந்த நினைவையே அழிக்கிறது. இரண்டையும் மனிதத் தலையீடு என்ற ஒரே பெயரில் அடக்குவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

மரம் நடுவோருக்கும் இந்த அளவுகோல் உதவும். வனத்துக்குள் திருப்பூர் என்ற முயற்சி 2015 முதல் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டிருக்கிறது. நட்டதோடு விடாமல் நீரும் வேலியும் உறுதிசெய்யக்கூடிய நிலங்களைத் தேடி நடுவது அதன் வலிமை. தொழில்துறையினரும் உழவரும் ஒன்றாக நின்று செய்யும் இத்தகைய வேலையைக் குறைத்துப் பேசக் காரணமில்லை. நான் வேண்டுவது, எண்ணிக்கைக்கு முன்னால் நிலத்தின் படிநிலையைக் கேட்க வேண்டும் என்பதுதான். உப்பேறிய மண்ணில் நேராக மரத்தை வைப்பது முதல் வகுப்பில் சேராத பிள்ளையை மேல்வகுப்புத் தேர்வுக்கு அனுப்பும் அவசரம். அங்கே முதலில் ஜிப்சம், பிறகு புல், பிறகு புதர். நல்ல நிலையிலுள்ள கொறங்காட்டில் அடர்ந்த மரக்கூட்டம் நட்டால் புல்லுக்கு வெயில் கிடைக்காமல் போகும். புல்வெளிப் பறவைகளும் மாடும் இடமிழக்கும். வறண்ட புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்த பழைய வருவாய்க் கண்ணோட்டம் நம் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை. மரம் அடர்ந்தால்தான் இயற்கை என்ற எண்ணத்தை மழைமறைவுப் பகுதியில் வாழும் நாம்தான் முதலில் கைவிட வேண்டும். இங்கே புல்லும் முள்ளும் குறைபாடு இல்லை. இந்த மழைக்கு ஏற்ற வாழ்வு அது.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது. அது வயிற்றைப் பற்றியது என்பதால் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டியது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் ஊர் இது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் உட்படப் பல லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது. 2011இல் பட்டறைகள் மூடியபோது வேலையிழந்தவர்களின் துயரம் உண்மையானது. சிறு பட்டறைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை. மண்ணின் படிநிலை பற்றிப் பேச இந்த ஊருக்கு நேரமும் காசும் உண்டா? உண்டு என்பதை இந்த ஊரே காட்டியிருக்கிறது. ஜீரோ டிஸ்சார்ஜ் வந்த பிறகும் தொழில் நின்றுவிடவில்லை. ஆனால் அதன் செலவு எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆவியாக்கும் இயந்திரத்தின் மின்கட்டணமும் மறுபயன்பாட்டுக்கு உதவாத கலப்பு உப்பைக் காத்துவைக்கும் சுமையும் சாயமேற்றுவோர் தலையில் விழுகின்றன. ஒரு சட்டைக்குச் சில காசு குறைக்கப் பேரம் பேசும் வெளிநாட்டு வியாபாரி அதில் பங்கேற்பதில்லை. அதற்கு முந்தைய காலத்தில் அதே செலவைக் கீழ்ப்படுகை உழவர்கள் தங்கள் கிணறாலும் மண்ணாலும் கட்டினார்கள். செலவு எப்போதும் இருந்தது, கட்டியவர்தான் மாறினார். நிலத்தைத் திருத்தும் செலவையும் துணியின் விலைக்குள் கொண்டுவருவது தொழிலுக்கு எதிரான கோரிக்கை இல்லை; தொழில் நடக்கும் மண்ணைத் தொழிலின் மூலதனமாக ஏற்கும் கணக்கு அது.

இயற்கையை வணங்குவது, காப்பது, மீட்பது என்று நாம் பேசும் சொற்களில் நாம் ஒரு பக்கமும் இயற்கை மறுபக்கமும் நிற்கிறோம். வழிமுறை வளர்ச்சியின் வரலாறு அந்தப் பிரிவை ஏற்பதில்லை. கொறங்காட்டின் புல்லை வைத்திருப்பது மேய்ப்பவரின் ஒழுங்கு. குளத்தின் பறவையை வைத்திருப்பது வண்டல் எடுத்தவரின் உழைப்பு. நொய்யலின் மண்ணைப் பேசவிடாமல் செய்ததும் மனிதக் கைதான். உறவு என்பது ஒரு விழாநாளில் தொடங்கி முடிவதில்லை. ஆகவே இனி நொய்யல் கரைக்கென ஒதுக்கும் ஒவ்வொரு திட்டமும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடப்பவையும் சேர்த்து, சில எளிய நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். நடுவதற்கு முன் மண்ணின் உப்பையும் சோடியத்தையும் அளந்து பொதுவில் வைக்க வேண்டும். சீமைக்கருவேலம் அகற்றும் ஒப்பந்தத்தில் அடுத்த ஐந்தாண்டுக் களையெடுப்பும் புல் ஏற்றுதலும் சேர வேண்டும். கொறங்காட்டை வைத்திருக்கும் மேய்ச்சல் குடும்பத்துக்கு, அந்தக் காட்டை வைத்திருப்பதற்காகவே வருமானம் கிடைக்க வேண்டும். வெற்றியை நட்ட கன்றின் எண்ணிக்கையால் கணக்கிடாமல், யாரும் நடாத கன்று அங்கே தானாக முளைத்ததா என்று பத்தாண்டுக்குப் பிறகு சென்று பார்த்துக் கணக்கிட வேண்டும். அப்படி முளைத்தால் நிலம் தன் அடுத்த படியைத் தானே எடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதுவரை உடன் நிற்கும் பொறுப்பு, அந்த ஆற்றின் நீரால் தொழில் வளர்த்த நகரத்துடையது.